கோடவுன் சுவரில் பதினொரு விதிகள்

கோவில்பட்டி,
15.2.2006

அன்பு மைத்துனர் சங்கரபாண்டிக்கு, அத்தான் ராஜபாண்டி எழுதிக்கொண்டது. மணியாச்சியில் நீயும், வீட்டில் எல்லோரும், உன் ரயில்வே டூட்டி நேரமும் ஒரு சீராக இருக்கச் செண்பகவல்லி அம்மன் துணை நிற்கட்டும். இங்கு உன் அக்கா நலம். பருத்தி நலம். தீப்பெட்டி ஆபீஸ் நலம். நான் ஒருத்தன்தான் நலமில்லை. அதற்குக் காரணம் நீ.

காலேஜில் லேப்புக்கு வெள்ளையடிக்கிறார்கள், போட்டிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, ரோபோ பழக இடமில்லை என்று உன் மருமகள் ஐஸ்வர்யா அழுதபோது, "அத்தான், உங்க லேபிள் கோடவுன்ல பாதி சும்மாத்தான கெடக்கு, குடுங்களேன்" என்று போனில் சொன்னது யார்? நீ. கொடுத்தது யார்? நான். ரோபோ என்றால் கை கால் வைத்து நடந்து வரும் என்று வாசலில் நின்று பார்த்தேன். வந்தது டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு வண்டி. தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் போகுமாம். அதோடு ஐந்து பிள்ளைகள். அவர்களோடு ஒரு பேப்பர். அந்தப் பேப்பர்தான் மாப்பிள்ளை, என்னைப் பிடித்த சனி.

'ரோபோ குழுவினர் நடந்துகொள்ள வேண்டிய முறை' என்று தலைப்புப் போட்டுப் பதினொரு விதி. இடம் கொடுப்பவரும் உறுப்பினர்தான் என்று என்னிடம் நீட்டினார்கள். கரண்ட் ஆபீஸ் பேப்பரில் போடுவதுபோல் நானும் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். சுவரில் ஒட்டிய பிறகுதான் படித்தேன். யாரும் சத்தம் போடக் கூடாது. ஒருவர் பேசி முடிக்காமல் அடுத்தவர் பேசக் கூடாது. தப்புச் செய்தவர் தானே வந்து சொல்ல வேண்டும், சொன்னவரைத் திட்டக் கூடாது. கேட்காமல் அடுத்தவர் சாமானைத் தொடக் கூடாது. மீறினால் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் ஆள் வெளியே. நான் வெளியே என்றால் என் கோடவுனும் வெளியே. இந்தக் கடைசி நேரத்தில் வேறு இடத்துக்கு எங்கே போவது? பிள்ளை இரண்டு வருஷம் பாடுபட்டது என் வாயால் போய்விடும். இந்தப் பயம்தான் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது.

முதல் கோடு முதல் நாளே விழுந்தது. வண்டி டேப்பை விட்டுவிட்டுச் சுவரில் போய் முட்டியது. "ஏலே சோலைச்சாமி, இதுக்குக் கண்ணு வச்சியா, பொத்தான் வச்சியாலே?" என்றேன். அந்தப் பையனே சிரித்தான். என் மகள் சிரிக்கவில்லை. இரண்டாவது கோடு, முதுகு அரிக்கிறதே என்று ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்ததற்கு.

அதோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். லேபிள் எடுக்க வந்த பெண்கள் அந்தப் பேப்பரைப் படித்துவிட்டார்கள். மறுநாள் பெண்களை ஏற்றி வரும் புதூர் வேன் முக்கால் மணி நேரம் லேட். வழக்கம்போல் ஏச ஆரம்பித்தேன். இருபது வருஷமாகப் பெட்டி அடைக்கிற பெத்தம்மாள், "அண்ணாச்சி, ரெண்டாவது விதி. நாங்க இன்னும் பேசவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள நீங்க பேசுதீய" என்றாள். அது பிள்ளைகளுக்கு என்றேன். "கையெழுத்து உங்களதுதான? கோடவுன்ல ஒரு வாயி, இங்கன ஒரு வாயா?" என்றாள். நாற்பது பெண்களும் சிரிக்க, நான் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது கத்த வேண்டும்போல் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு பசுவந்தனை ரோட்டுக்குப் போய், ஆள் இல்லாத பருத்திக் காடாகப் பார்த்து வேண்டியமட்டும் ஏசிவிட்டு வருகிறேன். முந்தாநாள் ஒரு காட்டுக்காரர் செடிக்குள்ளிருந்து எழுந்து, "நான் என்ன அண்ணாச்சி செஞ்சேன்?" என்று கேட்டார். இறங்கிப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நேற்று நடந்ததைக் கேள். சாயங்காலம் லாரி வர வேண்டும். மத்தியானம் பெத்தம்மாள் என் முன்னால் வந்து நின்று, "அண்ணாச்சி, நான்தான் தப்பு. மயிலு லேபிளுக்குப் பதிலா கிளி லேபிள எடுத்துக் குடுத்துட்டேன். எம்பது பண்டலும் கிளியாப் போச்சு" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு தப்பைக்கூட யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. கடைக்காரன் திருப்பி அனுப்பினால்தான் எனக்குத் தெரியும். கோடவுன் வாசலில் ஐஸ்வர்யா சிவப்புப் பேனாவோடு நிற்கிறாள். ஏச்சு என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தேன். குடித்து முடித்து, "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்றேன். பெத்தம்மாள் அழுதுவிட்டாள். ஏசியிருந்தால் அழுதிருக்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களாகவே வட்டமாக உட்கார்ந்து, பண்டலைப் பிரித்து, கிளி மேல் மயிலை ஒட்டினார்கள். ரோபோப் பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். லாரி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. அதுதான் மாப்பிள்ளை எனக்குத் தாங்கவில்லை. நான் வாய் திறக்காமலே வேலை நடக்கிறது என்றால், இருபது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தினேனே, அது எதற்கு? வெட்கமாக இருக்கிறது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நடந்தால் கால் ஓயவில்லை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை முதல் பாசஞ்சரில் நீ வந்து பிள்ளைகளையும் வண்டியையும் பேப்பரையும் மணியாச்சிக்குக் கூட்டிப் போய்விடு. உங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் ஏதாவது ஒரு ஹால் இருக்கும். என் சுவர் எனக்குப் பழையபடி வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஆசிகள். உன் அக்கா கருப்பட்டி மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறாள், வரும்போது எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
உன் அத்தான்
த. ராஜபாண்டி

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது ஐஸ்வர்யா வந்து, "பாவம்ப்பா நீங்க. போட்டி முடிஞ்சதும் அந்தப் பேப்பரக் கிழிச்சிருதேன்" என்றாள். "எவ கிழிக்கான்னு பாக்குதேன்! அதத் தொட்டா கைய முறிச்சிருவேன்!" என்று ஆபீஸே அதிரக் கத்திவிட்டேன். மூன்றாவது கோடு. அவள் பேனாவைத் திறந்துவிட்டாள். அதற்குள் பெத்தம்மாள் தலைமையில் நாற்பது பேரும் எழுந்து வந்து, "அண்ணாச்சி சத்தமே போடல, அவிய சும்மா பேசுனாக" என்று ஒரே குரலில் கத்திச் சாட்சி சொன்னதில் என் காது இன்னும் அடைத்துக் கிடக்கிறது. கோடு விழவில்லை. நீ வர வேண்டாம். மிட்டாயைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று.