யோசிக்காத துண்டு

மின்சாரத்தின் மேல் ஒயர்மேனுக்கு இருந்த கோபம் உலகத்தில் வேறு எந்த எலக்ட்ரீஷியனுக்கும் இருந்திருக்காது. ஊரெல்லாம் ஃபேன் மாட்டிக் கொடுத்தவர், தன் பழைய பைக்கில் ஹாரனைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டு வாயால் கத்திக்கொண்டே போவார்.

எல்லோர் கையிலும் டச் போன் வந்துவிட்ட காலம் அது. வடக்குத்து என்ற ஊர்ப் பக்கம் வீட்டு மனை போட்டும் விற்காமல் கிடந்த ஒரு புது நகரில் நேரான தார் ரோடு இருந்தது. ஞாயிறு காலைகளில் எங்கள் கும்பல் அங்கே இரண்டிரண்டு பைக்காகப் பந்தயம் விடும். ஆனால் ஓட்டியது கொஞ்சம். மந்தாரக்குப்பம் டீக்கடையில் பந்தய விதி பேசியே பாதி ஞாயிறு நாசமாகும். ஒருவர் கை தூக்காவிட்டாலும் விதி செல்லாது.

கணேசன் தன் புது பைக்கில் ஒரு பெட்டி மாட்டி வந்தான். கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாறுமாம். ஒயர்மேன் கொதித்தார்.

"பெட்டி ஓட்டுனா நீ எதுக்குடா மேல குந்திகினு போற? வூட்ல படு!"

"ஒங்க வண்டி பிளக்குல மட்டும் கரண்ட்டு வரலியாண்ணே?"

"அது வேல செய்யிது, யோசிக்கல. ஒம் பெட்டி யோசிக்கிது!"

அவர் கை தூக்காததால் பெட்டி தோற்றது. யோசிக்கிற எதுவும் வண்டியில் கூடாது என்பதே விதியானது.

அவர் இன்ஜின் சத்தம் கேட்டுத்தான் கியர் மாற்றுவார். அந்தக் காதுகள் ஒவ்வொன்றாய் மந்தமாயின. "முழுக்க அடைக்கறதுக்குள்ள ஒரு வாட்டியாவது ஜெயிக்கணும்டா" என்பார். கணேசனே இரங்கி, கியர் மாற்றும் நேரத்தைக் காட்டும் சிவப்பு லைட்டை அவருக்கு மட்டும் அனுமதிக்கச் சொன்னான். எல்லோரும் கை தூக்கினோம். ஒயர்மேன் தூக்கவில்லை.

"லைட்டும் யோசிக்கிதே!"

தலையில் அடித்துக்கொண்டோம்.

"அப்ப ரோட்டு முனையில ஒருத்தன் சத்தம் கேட்டுத் துண்டு வீசட்டும்ணே" என்று கணேசன் அவர் காதில் கத்தினான். "துண்டு யோசிக்காதுல்ல?"

"புடிக்கறவன் யோசிப்பானே?"

எல்லோரும் கூட்டத்தில் வாயே திறக்காத என்னைப் பார்த்தார்கள்.

"இவனா? இவன் பொறந்ததுலேர்ந்து யோசிச்சதில்ல. சேத்துக்க!"

அன்றிலிருந்து நான் துண்டோடு நின்றேன். சத்தம் என்னிடம் வந்து, நான் வீசி, அவர் பார்ப்பதற்குள் எதிராளி போய்விடுவான். வாராவாரம் தோல்வி. வாராவாரம் வாடிய முகம். பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு ஞாயிறு, சத்தம் ஏறுவதற்கு முன்பே ஊகித்து வீசினேன். ஒவ்வொரு கியருக்கும் அப்படியே. கணேசனை முந்தி ஒயர்மேன் கோட்டைத் தாண்டினார். கும்பல் கூத்தாடியது.

அவர் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"யோசிச்சியாடா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

போய்க் கணேசனின் கையைத் தூக்கிப் பிடித்து, "இவன்தான் ஜெயிச்சான்" என்றார். அதற்குப் பிறகு அவர் பந்தயத்துக்கு வரவில்லை. சில மாதத்தில் காதும் முழுக்க அடைத்துவிட்டது.

அந்தக் கடைசிப் பந்தயத்தன்று என்னை வீட்டில் இறக்கிவிட்டவர், துண்டை மடித்து என் தோளில் போட்டார்.

"நல்லாத்தான்டா யோசிச்ச."

என்னிடம் அப்படிச் சொன்னவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.