முட்டுக்கட்டையின் கடைசிக் கையெழுத்து

"வால்வு மீட்டர்ல ஊசி லேசா நடுங்குதா? பரவாயில்ல, விடு. அந்த வால்வை எனக்கு ஆறு வருஷமாத் தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்தார் முட்டுக்கட்டை.

அது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். விண்வெளி ஆய்வு மையத்தில் அவர் பாதுகாப்புப் பிரிவின் தலைவர். ராக்கெட் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், அதில் குறை கண்டுபிடிக்கிறவர்கள் மறுபக்கம். திட்டத் தலைவர் எவ்வளவு கத்தினாலும் இவரை அசைக்க முடியாது. இவர் பதில் சொல்வது நேரே இயக்குநருக்குத்தான். இவர் கையெழுத்து விழாமல் ஒரு பட்டாசுகூட மேலே போகாது.

இன்று பத்து மணிக்குக் கடைசிப் பரிசீலனைக் கூட்டம். வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு. முதல் ராக்கெட்டுக்குக் கையெழுத்துப் போட்ட பழைய பேனாவை இதற்காகவே துடைத்து வைத்திருந்தார். ஒரு வாரமாக அதைப் பார்த்துப் பார்த்துக் கண்கலங்குவது வேறு.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் தட்டைத் தள்ளினாள்.

"அப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். திட்டத் தலைவர் மாமாவோட பையனை."

முட்டுக்கட்டைக்குப் புரை ஏறியது. விதி ஏழு: திட்டத்தாரோடு உறவு உள்ளவர் ஒப்புதல் கையெழுத்துப் போடக் கூடாது. எழுதிய புண்ணியவான் யார்? இவரேதான். சொந்தக் காசில் சூனியம்!

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் காதலிக்கக் கூடாதாம்மா?"

"ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சுப்பா."

"சரி, இன்னிக்கு ஒரு நாள் மூச்சு விடாதே."

"தெரிஞ்சதை மறைக்கறதும் குத்தம்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. மகளை நம்பிப் பயனில்லை, பையன் வீட்டில் வாயை அடைக்கலாம் என்று கிளம்பினார்.

கூட்ட அறைக்கு வெளியே திட்டத் தலைவர் நின்றிருந்தார். இருவரும் சேர்ந்து டீ குடித்து இருபது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஸ்டூல், இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் டீ. மழை பெய்தால் ஒருவர் ராக்கெட்டுக்குக் குடை பிடிப்பார், மற்றவர் போல்ட் முடுக்குவார். என்ன சுகமான காலம்! அப்புறம் ஒரு ராக்கெட் கடலில் விழுந்தது. "கட்டினவனே சரிபார்த்தா, காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான்" என்று இயக்குநர் இருவரையும் பிரித்துவிட்டார். விதி ஏழு எழுதிய அன்றிலிருந்து அந்த டீயும் போயிற்று.

"டேய், உன் பையனை ஒரு வாரம் எங்கயாவது அனுப்பு" என்று முட்டுக்கட்டை கிசுகிசுத்தார்.

"ஏன்டா?"

"என் பொண்ணு அவனைத்தான் கட்டிக்குவாளாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் வெளிய தெரியக் கூடாது."

திட்டத் தலைவர் அங்கேயே மகனைப் போனில் பிடித்தார். பையன் திக்கித் திணறி "ஆ... ஆமாம்ப்பா" என்றான்.

"சம்பந்தீ!"

அந்தச் சத்தத்தில் நான்கு கதவுகள் திறந்தன.

"மெதுவாடா, பாவி!"

"என்ன மெதுவா? இருபது வருஷமா ஒரு வாய் டீ குடிக்க விட்டியா நீ?" என்று கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

விஷயம் இயக்குநர் காதுக்கும் போயிற்று. கூட்டத்தில் முட்டுக்கட்டை கடைசி முயற்சியாக எழுந்தார்.

"ஐயா, இன்னும் எதுவும் பேசி முடிக்கல. அதனால உறவு கிடையாது. வேணும்னா இந்தக் கல்யாணத்துக்கே நான் தடை சொல்றேன்."

திட்டத் தலைவர் மேஜையைத் தட்டினார். "என் பையனுக்கு என்னடா குறை?"

"குறைன்னு சொல்லல. இன்னும் சோதிக்கலன்னு சொல்றேன்."

"சோதிக்க அவன் என்ன வால்வா?"

"கல்யாணம் ஆகல, அதுக்குள்ள சம்பந்தி சண்டை வந்தாச்சு" என்றார் இயக்குநர். "விதி ஏழு. நாற்காலியை விட்டு எழுந்திருங்க."

முட்டுக்கட்டைக்கு அடுத்த அதிகாரியான 'பூதக்கண்ணாடி' அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முட்டுக்கட்டை தன் பழைய பேனாவை நீட்டினார். "என்கிட்ட இருக்கு சார்" என்றாள். முட்டுக்கட்டை வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைப் பைக்குள் செருகினார். இந்த ராக்கெட்டுக்காக ஆறு வருஷம் காத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்றே.

அரை மணி கழித்து உள்ளே அவள் குரல் உயர்ந்தது. "ஊசி நடுங்குதே, இதை யாரு சரின்னு விட்டது?"

மதியம் வால்வைக் கழற்றினார்கள். உள்ளே மயிரிழை விரிசல். அப்படியே ஏவியிருந்தால் பாதி வழியில் வெடித்திருக்கும்.

திட்டத் தலைவர் இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "குடி, சம்பந்தி" என்றார். டீ என்னவோ பழைய ருசிதான்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார் முட்டுக்கட்டை.

"நல்ல வேளைம்மா, உன் காதல்தான் ராக்கெட்டைக் காப்பாத்திச்சு. எப்ப வச்சுக்கலாம் கல்யாணத்தை?"

"எந்தக் கல்யாணம்? நீங்க கிளம்பினதும் அந்தப் பையனைக் கெஞ்சிக் கூத்தாடி 'ஆமாம்'னு சொல்ல வச்சதே நான்தான். பொறந்ததுலேருந்து உங்க வாயில 'பரவாயில்ல'ங்கிற வார்த்தையை நான் கேட்டதே இல்லப்பா. இன்னிக்குக் காலையில கேட்டதும் பயந்துட்டேன்."