ரசமட்டம் பனியில் வெட்டிய படிகள்

ஏழாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்தவனில்லை நான். தக்கலையில் கல்யாண மண்டபம் கட்டினேன். சேற்றில் அஸ்திவாரம் நிற்காது என்று படித்த இஞ்சினியர் கைவிட்ட இடம் அது. புதுக்கடையில் அடைமழைக்குள் கான்கிரீட் போட்டு இரண்டு மாடிக் கடைவரிசையை எழுப்பினேன். எங்கள் சபைக்கு மணிக்கூண்டு கட்டினேன். கமிட்டிச் சண்டையைத் தாண்டி அது வளர்ந்ததே அற்புதம். இத்தனையிலும் வராத களைப்பு, ஒரே ஒரு கொத்தனாரை ஜப்பான் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போன ஐந்து நாளில் வந்தது. மனுசனை அலுக்க வைக்க அவரைப்போல இன்னொரு ஆள் பூமியில் பிறக்கவில்லை.

அவர் பேர் ரசமட்டம். வீட்டில் வைத்த பேர் ரேஷன் கார்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும், நடுவில் நீர்க்குமிழி ஓடும் கட்டைதான் ரசமட்டம். மற்றவர்கள் அதை வேலைக்குக் கொண்டுபோவார்கள். இவர் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோவார். பந்தி மேசையில் வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நிற்காவிட்டால் மேசைக் காலுக்கு அட்டை கொடுத்த பிறகுதான் இலை போட விடுவார். "பாயசம் ஒரு பக்கமா ஓடிரும்லா?" ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னால் முதலில் கட்டிலை அளப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன், என் வேலையில்தான், சாரத்திலிருந்து விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, மனசு கூடவில்லை. அதன் பிறகு ஒரு முக்காலி உயரம்கூட ஏற மாட்டார். சாரம் ஏறாத கொத்தனாரை யார் கூப்பிடுவார்கள்? வீட்டில் உட்கார்ந்து சன்னலை அளந்துகொண்டிருந்தார். அவர் மனைவி என்னைத் தேடி வந்தார்.

"அண்ணாச்சி, இவியள எங்கயாவது கொண்டு போங்க. மட்டமில்லன்னு நாலு தடவ அம்மிய நவுத்தியாச்சு. இனி ஒண்ணு அவிய சாரம் ஏறணும், இல்லன்னா நான் ஏறணும்."

ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகள் அந்தக் குளிர்காலத்தில் என்னை அழைத்திருந்தாள். பனிமலை, சறுக்குப் பலகை, வெந்நீர் ஊற்று, எல்லாம் ஒரே இடத்தில் என்றாள். உயரத்தைப் பார்த்தாவது பயம் தெளியட்டும் என்று இவரையும் சேர்த்துக்கொண்டேன்.

வெந்நீர் ஊற்றிலேயே என் ஆயுசில் பாதி போயிற்று. அங்கே துணியோடு குளத்தில் இறங்கக் கூடாது.

"தோர்த்தயும் அவுக்கணுமா?" இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆமாவே. எல்லாரும் அப்பிடித்தான் இருக்கான்."

"செரி." அவிழ்த்தார். ரசமட்டம் மட்டும் கையில் இருந்தது.

"அது எதுக்குவே?"

"துணியத்தான வேண்டாங்கான்?"

பிறந்த மேனியாகப் போய்க் குளத்தின் கல்விளிம்பில் கட்டையை வைத்துக் குனிந்தார். "அரை இஞ்சு எறக்கம், மக்கா. வெள்ளம் அந்தப் பக்கமாட்டு வழியுது பாரும்." கழுத்தளவு வெந்நீரில் இருந்த ஒரு ஜப்பான் பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மூடிக்கொண்டார். அவரும் என்னைப்போல வாழ்க்கையில் அலுத்தவராக இருக்க வேண்டும்.

மறுநாள் பனிமலை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சின்னச் சரிவு. உச்சி நம்மூர் ஒரு மாடி உயரம்தான். ரசமட்டம் அடிவாரத்தில் கட்டையை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது.

"இது வாட்டம்லா! மொட்டமாடியில மழவெள்ளம் ஓடதுக்குல்லா வாட்டம் குடுப்போம். மனுசன் ஓடதுக்கா?"

"ஏறும்வே. சின்னப் பிள்ளையளே ஏறுது."

"நான் ஏறல்ல. இங்கனயே நிக்கேன்."

அவரை அங்கேயே விட்டுவிட்டு மகளும் நானும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். பனி அள்ள வைத்திருந்த மண்வெட்டியையும் காணோம். சரிவின் நடுவே, கீழிருந்து உச்சிவரை, படிகள்! சறுக்குகிற இடத்தில் படிகள்! எல்லாம் ஒரே உயரம், ஓரம் கத்தியால் சீவியதுபோல. ஒரு படி வெட்டி, ஏறி, மட்டம் பார்த்து, அடுத்ததை வெட்டி, தான் ஏறுகிறோம் என்பதே தெரியாமல் வேலைக்கிறுக்கில் உச்சிக்குப் போய் நின்றுகொண்டிருந்தார் மனிதர்.

விசில் ஊதிக்கொண்டு காவலர்கள் ஓடிவந்தார்கள். மகள் இடுப்பு ஒடியக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். "அப்பா, இனி இந்த மாமாவக் கூட்டிட்டு வராதீங்க!" அவரை இறக்கிக் கூட்டிவர நான் உச்சிக்கு ஏறினேன். அதற்குள் எனக்குப் பின்னாலேயே படிகளை நிரவிவிட்டார்கள்; சறுக்கி வரும் பிள்ளைகள் அதில் மோதி விழுந்துவிடுமே. அப்போதுதான் அவர் கீழே பார்த்தார்.

"மக்கா, படிய இடிச்சுட்டானுவ. நான் எப்பிடி எறங்குவேன்?"

"பலகையிலதான்."

"விழுந்தா?"

"பனிதானவே, பஞ்சு மாதிரி கெடக்கு."

"ஒரு தடவ விழுந்தவனுக்குல்லா தெரியும்," என்றார். முகத்தில் விளையாட்டில்லை.

அவர் விழுந்த அன்றைக்குச் சாரம் கட்டியவர்கள் என் ஆட்கள். மகள் கொண்டுவந்து தந்த பலகையில் குனிந்து அவர் பூட்சை மாட்டினேன். நாற்பது பேரை வேலை வாங்குகிறவன் இன்னொருவன் காலடியில் குனிந்தது அன்றைக்குத்தான். முதுகில் கையை வைத்தேன்.

"தள்ளட்டா?"

"பொறும்." ரசமட்டக் கட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். "செரி. பைய."

தள்ளினேன். கைகளை இரண்டு பக்கமும் நேராக நீட்டிக்கொண்டு, சாயாமல் போனார். அடிவாரத்தில் பலகை நின்ற பிறகுதான் விழுந்தார், அதுவும் சிரித்துக்கொண்டு.

ஊர் திரும்பிய மறுவாரம் இரண்டாம் மாடிச் சாரத்தில் ஏறிச் சுவர் பூசினார். இப்போது டீக்கடைதோறும் தான் தனியாகச் சறுக்கிய கதையைச் சொல்லி, மகள் எடுத்த வீடியோவையும் காட்டுகிறார். அது பாதிச் சரிவிலிருந்துதான் தொடங்குகிறது. நான் அதில் எங்கேயும் இல்லை.

அதனால்தான் அச்சில் வரட்டும் என்று எழுதுகிறேன். அந்த முதுகில் இருந்த கை என்னுடையது. நாலு பேர் முன்னால் ரசமட்டம் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தள்ளிய பிறகும் கையை எடுக்க மனசு வராமல், இந்த வயதில் பாதிச் சரிவுவரை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே நான் கூட ஓடியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.