நாலாம் தேவரகசியத்தில் ஒரு கமெரா

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுச் சொன்ன பாவத்தைக் கடவுள் அந்த இடத்திலேயே மன்னித்துவிடுவார். கார்க் காப்புறுதிக் கம்பனியிடம் சொன்ன பாவம் அப்படியல்ல. அதை அவர்கள் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அறவிடுவார்கள். நான் இரண்டு இடத்திலும் சொல்லிப் பார்த்தவள். முழங்கால் வலித்தாலும் தொட்டிதான் மலிவு.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. புலம்பெயர்ந்து வந்த கிரெய்கிபர்ன் என்ற புறநகரில் அப்பா அம்மாவோடு இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தேன். அந்தக் கார் எனக்கு என்றுதான் நான் நினைத்தேன். வாங்கிய முதல் ஞாயிறே அது எங்கள் பகுதி அன்ரிமாரின் கோயில் வாகனமாகிவிட்டது.

முன் சீற்றில் இசபெல் அன்ரி. மன்னார்க்காரி, கணவர் காலமான பிறகு மகன் வீட்டில் இருந்தவர். மகனுக்கும் மருமகளுக்கும் வார இறுதியில்தான் வேலை அதிகம். ஞாயிறு காலை தமிழ்ப் பூசைக்குப் போவது ஒன்றுதான் அன்ரி அந்த வாரம் முழுக்க வெளியே போகும் பயணம். பின் சீற்றில் பிலோமினா அன்ரியும் அவருடைய தங்கை ரீட்டா அன்ரியும். இருவரும் ஏறிய கையோடு நித்திரையாகி, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சரியாக விழித்துக்கொள்வார்கள் (இந்த வித்தையை நான் அலுவலகக் கூட்டங்களில் இன்றும் முயன்று தோற்கிறேன்).

கார் தெருவைத் தாண்டியதும் இசபெல் அன்ரி கைப்பையிலிருந்து செபமாலையை எடுப்பார். ஐந்து தேவரகசியங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மங்கள வார்த்தை. கோயில் வாசலில் கார் நிற்கும்போது ஐந்தும் முடிந்திருக்க வேண்டும். இது அன்ரி போட்ட சட்டம். அரைகுறைச் செபத்தோடு பூசைக்குள் நுழைவது அவருக்கு அவித்த சோற்றை வடிக்காமல் பரிமாறுவதுபோல.

முதல் இரண்டு தேவரகசியமும் ஆறுதலாகப் போகும். மூன்றில் அன்ரி ஜன்னலுக்கு வெளியே பார்த்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவார். நாலாவதில் குரல் ஓட்டம் பிடிக்கும். அன்ரி பாதியிலே நிறுத்த, மற்றவர்கள் அந்தப் பாதியை வானத்திலேயே பிடித்து முடிக்க, மூச்சு விட இடமில்லை. எனக்கோ வாய் போகிற வேகத்தில்தான் கால் போகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பாட்டுப் பாடிக்கொண்டு படி இறங்கினால் விழுவேன்.

நாலாம் தேவரகசியம் வழக்கமாக ஓர் இறக்கத்தில் வரும். எண்பது என்றிருந்த வேக எல்லை அங்கே அறுபதாகும். வேகத்தைப் படம்பிடிக்கும் ஒரு கமெராவும் அங்கே இருந்தது. கமெரா பிடித்தால் அந்த இடத்திலேயே யாரும் வந்து சொல்வதில்லை. தண்டப் பணத்துக்கான கடிதம் வாரக் கணக்கில் ஆடி அசைந்து வரும். முதல் கடிதம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் அதே இறக்கத்தில் அதே தேவரகசியத்தோடு இன்னும் இரண்டு ஞாயிறு பறந்து முடித்திருந்தேன். மூன்றையும் சத்தமில்லாமல் கட்டினேன். லைசென்ஸில் தண்டப் புள்ளிகளும் சத்தமில்லாமல் ஏறின. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வேகத் தண்டத்துக்கும் காப்புறுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு கம்பனியில் ஒரு வருடத்துக்கு மேல் காப்புறுதி வைத்திருக்கக் கூடாது. "பழைய ஆக்களுக்கு ஏத்துவாங்கள், புது ஆக்களுக்குக் குறைப்பாங்கள்" என்பார். அவர் ஊரில், மன்னார்ப் பேசாலைக் கரையில் மீன் ஏலம் எடுத்தவர். விலை பேசுவது அவருக்கு இரத்தத்தில் ஊறியது. அதுவும் பார்க்க நாலு பேர் இருந்தால்தான் பேச்சுச் சூடு பிடிக்கும்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. மடு மாதா திருநாளில் விற்பதற்காக அம்மாவும் மூன்று அன்ரிமாரும் குசினியில் றோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா சாப்பாட்டு மேசையில் போனை வைத்து, லவுட் ஸ்பீக்கரைப் போட்டு, ஒரு புதுக் கம்பனியை அழைத்தார். எமிலி என்று ஒரு பெண் எடுத்தாள். இந்த உரையாடல் பதிவு செய்யப்படும் என்றாள். பிறகு ஒரு விலை சொன்னாள்.

அப்பா பதில் சொல்லாமல் எழுந்து மேசையை விட்டு இரண்டடி தள்ளிப்போய் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசாலையில் அப்படி நகர்ந்தால் மீன்காரர் கூப்பிட்டுக் குறைப்பாராம். எமிலிக்கு அவர் நகர்ந்தது தெரிய நியாயமில்லை.

"ஹலோ? இருக்கிறீங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இணையத்தில் எடுத்தால் விலையில் ஒரு கழிவு தரலாம்" என்றாள்.

அப்பா குசினிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெருமை முகத்தை நான் பிறகு என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவள் கேட்டாள். கடந்த சில வருடங்களில் சாரதிக்கு வேகத் தண்டமோ, லைசென்ஸ் தடையோ ஏதும் உண்டா?

"நோ, நோ. மை டோட்டர் வெரி ஸ்லோ" என்றார் அப்பா.

சாரதியே பதில் சொல்ல வேண்டும் என்றாள் எமிலி. தவறான தகவல் தந்தால், நாளைக்கு ஒரு விபத்து நடந்து இழப்பீடு கேட்கும்போது கம்பனி மறுக்கலாம் என்றும் வாசித்தாள். நான் போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடப் பார்த்தேன். அப்பா கையால் மறித்து, "இஞ்சயே சொல்லு, ஒளிக்க என்ன கிடக்கு?" என்றார். சுவரில் மடு மாதா படம். மேசையில் பதிவாகிக்கொண்டிருக்கும் போன். இரண்டுக்கும் நடுவில் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"மூன்று" என்றேன்.

குசினியில் யாரோ அடுப்பைக் குறைத்தார்கள். அப்பா என்னை முதன்முதலாகக் காண்பவர்போலப் பார்த்தார். எமிலி தட்டெழுதத் தொடங்கினாள்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு சாதாரணச் சோகம். ஆனால் இசபெல் அன்ரி கை நிறைய மாவோடு குசினியிலிருந்து வந்துவிட்டார். நான் அவருக்குப் பிள்ளை மாதிரி. பிள்ளையை ஒரு வெள்ளைக்காரி குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. போனுக்குக் கிட்டக் குனிந்து, பதிவு நன்றாக விழட்டும் என்று உரத்துச் சொன்னார்:

"மேடம், நோ ஸ்பீடிங். ஒன்லி பிறேயிங்."

"மன்னிக்கவும், என்ன சொன்னீங்க?" என்றாள் எமிலி.

அன்ரி விளக்கினார். விளங்காதோ என்று மங்கள வார்த்தையை நாலாம் தேவரகசிய வேகத்தில் சொல்லியும் காட்டினார். பின்னால் நின்ற பிலோமினா அன்ரியும் ரீட்டா அன்ரியும் பழக்கதோஷத்தில் பதில் சொன்னார்கள். எமிலியின் பக்கம் நீண்ட மௌனம். அதை அன்ரி சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எனக்கு நற்சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்.

"ஷீ இஸ் குட் டிரைவர். நெவர் ஹிட் எனிபடி. ஒன்லி சேர்ச் கேற், ஒன் டைம், ஸ்மோல்."

(கோயில் கேற்றில் இடித்ததை ஃபாதருக்கும் எங்களுக்கும் நடுவில் முடித்து வைத்திருந்தோம். அம்மாவுக்கே தெரியாது.)

"அப்படியானால் ஒரு விபத்தும் உண்டு" என்று சொல்லிக்கொண்டே எமிலி தட்டினாள். எத்தனை பேரை வழக்கமாக ஏற்றுவீர்கள் என்று கேட்டாள். பணம் ஏதும் வாங்குவதுண்டா?

நான் கண்ணால், கையால், முழு உடம்பாலும் வேண்டாம் என்று காட்டினேன். அன்ரிக்கோ மானப் பிரச்சினை.

"நாங்கள் என்ன ஓசியில போற ஆக்களோ?" என்று என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, போனுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். "எவ்ரி சண்டே, பெற்றோல் மணி. ஓல் த்ரீ லேடீஸ்."

இப்போது நான் வேகமாக ஓடி, இடித்து, காசுக்கு ஆள் ஏற்றும் ஒரு வாடகைக் காரோட்டி. அன்ரி எனக்குச் சார்பாகச் சொன்ன ஒவ்வொரு சாட்சியத்துக்கும் அந்தத் தட்டெழுத்துச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் காப்புறுதி ஒரு படி ஏறியது. மேற்பார்வையாளரைக் கேட்டு வருகிறேன் என்று எமிலி போனாள். காத்திருக்கும் நேரத்துக்கு இசை போட்டார்கள். "நல்ல மியூசிக்" என்றார் ரீட்டா அன்ரி.

எமிலி திரும்பி வந்து விலை சொன்னாள். முதலில் சொன்னதன் இரட்டிப்பைத் தாண்டியிருந்தது. விபத்து நடந்தால் முதலில் நான் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கும் ஏறியிருந்தது. அப்பா பழக்கத்தில் எழுந்து இரண்டடி தள்ளிப்போய் முகட்டைப் பார்த்தார். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு எமிலி போனை வைத்தாள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இனி ஒருத்தரையும் ஏத்துறேல்லை. வேலைக்குப் போ, வா. அவ்வளவுதான்" என்றார். பழைய கம்பனிக்குத் திரும்பிப் போனோம், அவர்களும் அதே கேள்வியைக் கேட்டு ஏறக்குறைய அதே விலையைச் சொன்னார்கள். என் சம்பளத்தில் அது கட்டக்கூடியதுதான், ஆனால் நெஞ்சு வலிக்கும். இசபெல் அன்ரி கையைக் கழுவிவிட்டு றோல்ஸைச் சுற்றி முடித்தார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை அப்பாவிடம் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு அன்ரி வீட்டுக்குப் போனேன். வழக்கமாகத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் குடையோடு நிற்பவரைக் காணவில்லை. கதவைத் தட்டினேன். அன்ரி சேலை உடுத்து, பவுடர் போட்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு முன் அறைக் கதிரையில் இருந்தார். போக ஆயத்தமாகி, போகாமல் இருக்க முடிவெடுத்த கோலம்.

"நீ போ பிள்ளை. நான் இருந்த இடத்தில சொல்லுவன். என்னால உனக்கு வீண் செலவு" என்றார்.

அந்த வயதில் எனக்கு இந்த நகரத்தில் சொல்லிக்கொள்ளும்படி சிநேகிதிகள் இல்லை. அலுவலகத்தில் வாரம் முழுக்கச் சிரித்துச் சிரித்துத் தாடை நோகும். ஞாயிறு காலை அந்தக் காருக்குள் மட்டும்தான் நான் சிரிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அன்ரிமாருக்கு நான் உதவி செய்வதாக எல்லாரிடமும் சலித்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் கதிரைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, அவர் வராவிட்டால் தனியாகப் போவது நான்தான்.

"நீங்கள் வராட்டி எனக்கு வழி தெரியாது அன்ரி" என்றேன். (அன்ரி ஒவ்வொரு முறையும் பிழையான பக்கம்தான் திரும்பச் சொல்வார்.)

அவர் எழுந்து குடையை எடுத்தார்.

வெளியே வந்தால் அப்பா நின்றார். இரண்டு தெரு தள்ளியிருந்த எங்கள் வீட்டிலிருந்து பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. "நானும் வாறன். எவ்வளவில ஓடுறாய் எண்டு பாக்க வேணும்" என்றார். அப்படியே பின் சீற்றில், வழியில் ஏறிய இரண்டு அன்ரிமாருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். பெற்றோல் காசு நின்றது. அதற்குப் பதிலாகக் கட்லட் வந்தது. கட்லட்டைப் பற்றி எந்தக் கம்பனியும் கேட்கவில்லை.

வேகத்துக்கு அன்ரி முதலில் கண்டுபிடித்த மருந்து, செபமாலைக்குப் பதிலாகத் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஒப்பாரியைப் பாடுவது. அது நல்ல மெதுவான பாட்டு. என் காலும் அடங்கியது. பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்தன, பிலோமினா அன்ரி கோயில் வரை அழுதுகொண்டே வந்தார், பாலன் பிறந்த நத்தார் அன்றும் அதையே பாடினோம். அதற்குப் பிறகு செபமாலைக்கே திரும்பி, ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தேவரகசியம் முடியும்போதும் அன்ரி என்னைப் பார்த்து, செபம் சொல்லும் அதே இராகத்தில் "எவ்வளவில போறாய்?" என்று கேட்பார். பின்னாலிருந்து எட்டி மீற்றரைப் பார்த்துவிட்டு அப்பா "அறுபதுக்குள்ள" என்பார். இரண்டு அன்ரிமாரும் "ஆமென்" என்பார்கள்.

சில வருடங்களில் அந்தத் தண்டங்கள் கம்பனிகள் கேட்கும் காலத்தைத் தாண்டிப் போயின. என் காப்புறுதியும் இறங்கியது. ஆனால் அது இறங்கிய வருடம் காரில் ஆள் இல்லை. பிலோமினா அன்ரியும் ரீட்டா அன்ரியும் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடிவிட்டார்கள். இசபெல் அன்ரியை மகன் சிட்னிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், ஹோம்புஷில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். அன்ரிமார் இல்லாத காரில் ஏற மனமில்லாமல் அப்பா பக்கத்துக் கோயிலுக்கு நடந்து போகத் தொடங்கினார். மலிவான காப்புறுதியோடு நான் தனியாகத் தமிழ்ப் பூசைக்குப் போனேன். அந்த மலிவு எனக்கு ஒரு சந்தோஷத்தையும் தரவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. முன் அறையில் முழங்காலிட்டு இரவுச் செபம் சொல்லும்போது, ஒவ்வொரு பத்து முடிவிலும் அப்பா தன்னை அறியாமல் "அறுபதுக்குள்ள" என்பார். புதிதாய் வந்த என் கணவர் முதல் மாதம் அதையும் மன்னார்ச் செபம் என்று நினைத்து மனப்பாடம் செய்திருந்தார். ஃபாதர் வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்த அன்று அவரே முந்திக்கொண்டு உரத்துச் சொல்லியும்விட்டார்.

போன ஞாயிறும் கணவருக்கு வேலை, காரில் தனியாகத்தான் போனேன். தெருவைத் தாண்டியதும் கார் ஸ்பீக்கரில் போன் அடித்தது. ஹோம்புஷிலிருந்து இசபெல் அன்ரி. சுகம் விசாரிக்கவில்லை, வணக்கமும் இல்லை.

"எவ்வளவில போறாய்?"

"அறுபதுக்குள்ள அன்ரி."

"ஓம். அப்ப தொடங்குவம்" என்றார்.