டியோவும் அத்தானின் தேன்பெட்டியும்

தாராவியில் டியோ சென்ட் அடிக்காமல் வெளியே கிளம்புவதும் பேன்ட் போடாமல் கிளம்புவதும் ஒன்றுதான். லோக்கல் ட்ரெயினில் அடுத்தவன் அக்குளுக்குள் மூஞ்சியை வைத்துக் காலேஜ் போனவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். (அன்றைக்கு அரை பாட்டில். அக்கா வீட்டுக்கு இல்லையா போகிறேன்!)

அக்காவும் அத்தானும் மகாபலேஷ்வர் மலையில் டீக்கடை வைத்திருக்கிறார்கள். கடைக்குப் பின்னால், சரிவில் அத்தானின் நாலு தேன்பெட்டிகள். அவர் தேன் எடுப்பதை ரீல் போட்டு வைரலாக்குவது என் பிளான்.

“மாப்ள, இந்த வாடைக்குப் பூச்சி சீறும். போய்க் குளிச்சிட்டு வா.”

“டென்ஷன் நை, அத்தான்! தாராவியில பாக்காத பூச்சியா?”

அவர் பெட்டியின் மூடியைத் திறந்தார். முகவலைகூடப் போடாமல் போனை நீட்டினேன். முதல் கொட்டு மூக்கில். அடுத்தது காதில். அலறி ஓடிய வேகத்தில் ஸ்டாண்டை உதைத்துவிட்டேன்; பெட்டி உருண்டது. மொத்தக் கூட்டமும் புகை மாதிரி எழும்பி, வேலியில் மாட்டியிருந்த என் பையில் போய் அப்பிக்கொண்டது.

அத்தான் முகம் சுண்டிப்போனது. இருப்பதிலேயே பெரிய கூட்டம் அது. மழைக்காலம் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேற்றியிருந்தார். அங்கிருந்தும் கிளம்பினால் காட்டுக்குள் போய்விடும், திரும்பாது.

நானோ கடை பெஞ்சுக்கு அடியில்.

“ஏல, தாராவி தாதா, வெளிய வால!” அக்கா சிரித்தே செத்தாள்.

தலையை மட்டும் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தான் வெறுங்கையை அந்தக் கூட்டத்துக்குள், மாவில் கை விடுவது போல, மெதுவாக விட்டார். ஒன்றுகூடக் கொட்டவில்லை. துழாவி ராணித் தேனீயைப் பிடித்து, நிமிர்த்திய பெட்டிக்குள் விட்டார். பெட்டி வாசலில் நாலைந்து தேனீக்கள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இறக்கையை விசிறி, ‘உள்ளே வா’ என்று வாசனை பரப்பின. அவ்வளவுதான், மற்றதெல்லாம் கியூவில் உள்ளே போயின. தாதர் ஸ்டேஷனில்கூட அப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை. எனக்குப் புல்லரித்தது. (வீக்கம் போக மிச்சமிருந்த இடத்தில்.)

ரீல் எடுக்கலாமென்றால், ஃபேஸ் லாக் என்னை யாரென்றே தெரியாது என்றுவிட்டது.

இப்போதும் வருஷாவருஷம் அந்தப் பெட்டித் தேன் எங்கள் வீட்டுக்கு வரும். நாவல்பூத் தேன், கடைசியில் லேசாகக் கசக்கும், அப்புறம் வேறெதுவும் ருசிக்காது. பாட்டிலில் அத்தான் கையெழுத்து: ‘ஓடிப்போனவன் பெட்டி.’

“ஓடினது தேனீதானே அத்தான், என் மானத்தை ஏன் வாங்குதீங்க?” என்று போனில் கத்தினேன்.

“அதுக அன்னைக்கே திரும்பி வந்துட்டு, மாப்ள. நீதான் இன்னும் வரல.”