நிரந்தர நடுவர் சேகரன்

சேகரன் தன் மனைவி பஞ்சவர்ணத்தை ஜெயித்த கதை இது. நான்கு வருடமாக இதை நான் நம்பவில்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சேகரனே சொன்னதுதான். ஒருமுறை இல்லை, முப்பது முறை. முப்பது முறையும் அவன்தான் ஜெயித்தான். அதுதான் உறுத்தியது. என் சந்தேகத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஊரில் ஒரு புருஷனாவது ஜெயித்திருக்கட்டுமே என்று எனக்கும் ஆசை இருக்காதா? ஆகவே முதலில் அவன் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

சேகரனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மைசூர் விஜயநகரில் வீடு. பகலில் ஸ்டோர் சூப்பர்வைசர், மற்ற நேரமெல்லாம் எழுத்தாளர். ‘பாலாற்றுக் கதைக்கூடம்’ என்ற இணையக் குழுவில் உறுப்பினர். ஈரோட்டிலிருந்து மஸ்கட் வரை நானூறு பேர் அதில் கதை எழுதினார்கள். நானூறு பேரும் எழுதியதால் வாசிக்க ஆள் இல்லை. எனவே குழுத் தலைவர் லிங்கப்பன் ஒரு விதி போட்டிருந்தார். ஒரு கதை போடவேண்டும் என்றால், முதலில் மற்றவர்களின் மூன்று கதைகளுக்குக் கருத்து எழுதவேண்டும். ஒவ்வொரு கருத்தும் நாற்பது சொல்லுக்குக் குறையக்கூடாது. ‘அருமை’, ‘தொடருங்கள்’, கைதட்டும் படம், எதுவும் செல்லாது.

சேகரன் அதுவரை பதினொரு கதை போட்டிருந்தான். பதினொன்றிலும் ஒரே மனைவி. அவள் குரல் கொடுத்தால் சாமுண்டி மலையில் எதிரொலிக்கும். கையில் எந்நேரமும் பூரிக்கட்டை. அடையாளம் தெரியக்கூடாது என்று அவளுக்கு நவவர்ணம் என்று பெயர் வைத்திருந்தான். நாலு வர்ணம் கூட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பஞ்சவர்ணத்தின் பிறந்த ஊரான ஹனூரில் இருந்த அவள் அக்கா ராமக்காளுக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சவர்ணத்துக்குப் போன் வந்தது. வைத்ததும் நேராகப் புருஷனிடம் வந்தாள்.

“ஏனுங்க, நான் உங்களப் பூரிக்கட்டையால அடிக்கறனாமா? அக்கா கேக்குது.”

“அது நவவர்ணம், பஞ்சு. கதைன்னா கற்பனை.”

“கற்பனையில அவளுக்கும் இடது கன்னத்துல மச்சமா?”

“மச்சம்... கதைக்கு ஒரு அழகு.”

“அவளோட அக்கா பேரு சீதக்காளாமா?”

சேகரன் தண்ணீர் குடித்தான்.

“நிறுத்திப்போடுங்க. ஹனூர்ச் சந்தையில எங்க சனம் தலைகாட்ட முடியல. போன மாசம் கல்யாணத்துல ஒருத்தி என் கையையே பாத்துக்கிட்டிருந்தா. கட்டை எங்கேன்னு தேடறா!”

நிறுத்துவானா சேகரன்? டிசம்பரில் குழுவின் ஆண்டுக் கூட்டம். ‘ஆண்டின் சிறந்த கதாசிரியர்’ பட்டம் கொடுப்பார்கள். வாரம் ஒரு நவவர்ணம் எழுதியாவது அதை வாங்கியே தீருவது என்று சபதம் எடுத்தான். குறுக்கே நின்றது அந்த விதி ஒன்றுதான். வாரம் மூன்று பேர் கதையை வாசிக்கவேண்டும். தன் கதையை எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசிப்பான். அடுத்தவர் கதை என்றால் இரண்டாவது வரியில் கண் சொருகிவிடும்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. வாசிக்கிற வேலையைப் பஞ்சவர்ணத்தின் தலையில் கட்டிவிட்டால்? எந்த நவவர்ணத்தை நிறுத்தச் சொன்னாளோ, அந்த நவவர்ணத்துக்கே அவளை உழைக்க வைத்தால்?

“பஞ்சு, ஞாயித்துக்கிழமை காலையில சும்னேதானே இருக்கே?”

“நானா? சும்மாவா?”

“கோவிச்சுக்காதே. மூணு கதை படிச்சு, மனசுல பட்டதச் சொல்லு. என் போன்கிட்டப் பேசினா என் பேர்ல அதுவே எழுதிக்கும்.”

பஞ்சவர்ணம் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப அடுப்பு?”

“நான் பாத்துக்கறேன்.”

“தோசை சுடோணும்.”

“சுடறேன்.”

“டம்ளரக் கழுவிக் கவுக்கோணும்.”

“கவுக்கறேன்.”

“ஆயித்து, சரி. கொடுங்க போனை.”

இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்வாள் என்று சேகரன் எதிர்பார்க்கவே இல்லை. நாலு தோசைக்கு மூன்று கருத்து! மாவைக் கரண்டியில் மொள்ளும்போது அவனுக்குச் சிரிப்பு வந்ததாம்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பஞ்சவர்ணம் கண்ணாடி மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். சேகரன் அடுப்படியில் நின்றான்.

“என்ன சொல்லிட்டிருக்கே?”

“நல்லதாத்தான் சொல்றேன். தோசை தீயுது பாருங்க.”

“நாப்பது சொல் தேறுதா?”

“நாப்பத்தஞ்சு இருக்குது. திருப்பிப் போடுங்க, முறுகலா.”

அத்தோடு சரி. என்ன சொன்னாள் என்று அவன் வாசித்ததில்லை. அதற்கும் கண் சொருகும்.

ஆனால் மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் வாசித்தார்கள். காதலி மூன்று பக்கம் மழையில் நின்று அழும் கதைக்கு, ‘மாடியில் காயப்போட்ட துணியை யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லையே’ என்று ஒரு கருத்து. துப்பறியும் கதைக்கு, ‘கொலைகாரன் யார் என்று மூன்றாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்தது அவன் ஒருவன்தான். தப்புச் செய்த ஆண்பிள்ளைதான் டம்ளர் கழுவுவான்’ என்று இன்னொன்று. அந்தக் கருத்து பதிவான நேரத்தில் சேகரன் நான்காவது டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

குழு ஆடிப்போனது. ‘சேகரன் ஐயாவின் கருத்துக்குக் காத்திருக்கிறேன்’ என்று எழுதிவிட்டுத்தான் மஸ்கட்காரர் கதையே போட்டார். சேகரனுடைய கதைகளுக்கோ இரண்டே விருப்பங்கள்தான் விழுந்தன. ஒன்று லிங்கப்பனுடையது. இன்னொன்று அவனுடையதே.

டிசம்பர் வந்தது. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு சின்ன மண்டபம். சேகரன் சட்டைப்பையில் ஏற்புரை வைத்திருந்தான். பஞ்சவர்ணம் பட்டுப் புடவையில் வந்திருந்தாள். ஹனூரிலிருந்து ராமக்காளையும் வரவழைத்திருந்தாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

கதாசிரியர் பட்டம் மஸ்கட்காரருக்குப் போனது. சேகரன் முகம் சுண்டுவதற்குள் லிங்கப்பன் மைக்கை மறுபடி பிடித்தார்.

“நம்ம குழுவுக்கு ஒரு நடுவர் வேணும்னு நான் கேட்டப்போ, ஆகஸ்ட் மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலையில சேகரன் ஐயா ஒரு கருத்துப் போட்டார். நடுவரா இருக்கறவர் தன் கதையைப் போடக்கூடாது, பழைய கதைகளையும் எடுத்துடணும், அதுதான் நேர்மைன்னார். தனக்குப் பதவி வந்தாலும் இதே விதிதான்னு கடைசியில சேர்த்திருந்தார். இப்படி ஒரு தியாகியை எங்கே தேடுவோம்? ஐயாதான் இனி நம் நிரந்தர நடுவர்!”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நான் எப்போது அப்படி எழுதினேன் என்று சேகரன் ஒரு நொடி யோசித்தான். அதற்குள் தோளில் சால்வை விழுந்தது, கழுத்தில் மைசூர் மல்லிகை மாலை விழுந்தது. யோசனை அதற்குள் புதைந்துவிட்டது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர்கள் முன்வரிசையில் இருந்த அக்காளும் தங்கையும்தான்.

“பாத்தியா?” என்பான் சேகரன், ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் என் தொடையைத் தட்டி. “வாசிச்சவ அவ. சால்வை எனக்கு. இன்னிக்கும் நானூறு எழுத்தாளர் என் ஒரு வார்த்தைக்கு நடுங்கறான். ஜெயிச்சது யாரு?”

நான்கு வருடமாக அவன் ஒரு கதைகூட எழுதவில்லை. நவவர்ணம் இருந்த இடம் தெரியவில்லை. ஊருக்குப் போனால் ஹனூர்ச் சந்தையில் பஞ்சவர்ணம் தலை நிமிர்ந்து காய் வாங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை கருத்துகள் மட்டும் தவறாமல் வருகின்றன. தோசையோடு இப்போது தக்காளிச் சட்னியும் வைக்கிறானாம்.

போன திங்கட்கிழமை முப்பத்தோராவது முறையாகத் தொடையைத் தட்டினான். நானும் எத்தனை நாள்தான் மனசுக்குள்ளேயே புழுங்குவது? கேட்டுவிட்டேன்.

“சேகரா, அந்த ஆகஸ்ட் மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலையில, உன் வீட்டு அடுப்படியில நின்னு தோசை சுட்டது யாருப்பா?”