பழைய டேப்லெட்டும் என் தொப்பையும்

ஒரே ஒரு முறையாவது என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் சாதித்துவிடுவது என்று சபதம் எடுத்தேன். எடுத்த சூட்டோடு அவளிடமே போய்ச் சொல்லாமல் இருந்தேன் பாருங்கள், அதுவே எனக்குப் பெரிய சாதனை.

காரியம் இதுதான். எங்கள் தெருவில் பழைய போன், டேப்லெட் எல்லாம் பழுது பார்த்து விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டேப்லெட். பழைய மாடல். மூலையில் சின்னக் கீறல். பார்த்த நாளிலிருந்து எனக்கு அது வேண்டும். சோபாவில் சாய்ந்து, வயிற்றின் மேல் அதை நிறுத்தி, நிம்மதியாகச் செஸ் ஆட வேண்டும். போனிலும் ஆடலாம்தான். ஆனால் என் கட்டைவிரல் பாதிப் பலகையை மறைத்துவிடுகிறது. போன வாரம் சிப்பாயை நகர்த்தப் போய், ராணியைத் தூக்கி எதிரியின் வாயில் வைத்தேன். ராணியைப் பகைத்துக்கொண்ட ராஜாவின் கதி என்ன என்று கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதை நேராகக் கேட்டால் கிடைக்காது. எனவே திட்டம் போட்டேன். டேப்லெட் எனக்கு இல்லை. அவளுக்கு.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணிகளை ஆல்ட்டர் செய்து தருவது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. அளவு நாடாவைக் கண்டதும் எந்த ஆணும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். மற்றவர்களாக இருந்தால் "மூச்சை விடுங்க சார்" என்பார்கள். அவன் இன்னும் இழுப்பான். இவள் அப்படிச் சொல்வதே இல்லை. "பையன் நல்லாப் படிக்கிறானா?" என்று கேட்பாள். அவன் பையனைத் திட்ட ஆரம்பிப்பான். பேச்சு சூடு பிடித்ததும் வயிறு தானாக வெளியே வரும். அந்த நொடியில் நாடா சுற்றி வந்திருக்கும். அவள் கைபட்ட பேன்ட் இறுக்குகிறது என்று இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த வித்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது. அது ஒருநாள் என் மேலேயே பாயும் என்று மட்டும் தோன்றவில்லை.

"ஏம்மா, உனக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தரலாம்னு பார்க்கிறேன்."

"எனக்கா?"

(நீங்கள் எதிர்பார்க்கும் அந்த மாத்திரை ஜோக்கை அவள் சொல்லவில்லை. அவள் தரமே வேறு.)

"உனக்குத்தான். வர்றவங்க எல்லாம் போன்ல குட்டியா ஒரு படத்தைக் காட்டி, கழுத்து இப்படி வேணும், கை அப்படி வேணும்ங்கறாங்க. நீ கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறே. மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறவன் பொண்டாட்டி கண்ணைச் சுருக்கினா எனக்குத்தானே அவமானம்?"

"சரி."

"புதுசெல்லாம் எதுக்கு? பழசைப் புதுப்பிச்சு வெச்சிருக்காங்க. ஜம்முனு இருக்கு."

"பழசு எத்தனை நாள் உழைக்கும்?"

"பழசுன்னா மட்டமா? என்னையே பாரேன்."

"பார்த்துட்டுத்தான் கேட்கிறேன்."

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரரின் காதில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி செருகியிருக்கும். அதனால் தெருவே அவரைத் திருப்புளி என்றுதான் கூப்பிடும்.

"உங்களுக்குன்னே வந்த பீஸ் சார்" என்றார் திருப்புளி. மூக்குக்கண்ணாடி ஃபிரேமை விற்க நான் தினமும் சொல்லும் அதே வசனம். பொய் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது.

"பேட்டரி எப்படி?" என்றாள் மனைவி.

"புதுசு மாதிரி அக்கா."

அவள் டேப்லெட்டை வாங்கி, தையலைச் சோதிப்பதுபோல் ஓரம் முழுக்க நகத்தை ஓட்டினாள்.

"பிரிச்சு ஒட்டின இடமே தெரியலையே தம்பி. இந்தக் கண்ணாடியைக் கழட்டறது ரொம்பக் கஷ்டமாச்சே?"

திருப்புளியின் முகம் மலர்ந்தது. பாவம், இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

"அதை ஏன் கேட்கிறீங்க அக்கா. பக்குவமா சூடு காட்டணும். கொஞ்சம் அதிகமாச்சுன்னா ஸ்கிரீன் காலி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல மெல்லப் பசையை இளக்கித் திறந்தா, உள்ள அதே பழைய பேட்டரி. சரி, ஓடற வரைக்கும் ஓடட்டும்னு அப்படியே மூடி..."

நிறுத்திக்கொண்டார். வயிறு வெளியே வந்துவிட்டது.

அவள் சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்புளியால் தாங்க முடியவில்லை.

"வேற பேட்டரி போட்டுத் தந்துடறேன் அக்கா."

"ரொம்ப சந்தோஷம் தம்பி. அப்டேட் எல்லாம் வருமா?"

"இனிமே வராது அக்கா." இப்போது கேட்காமலே உண்மை கொட்டியது. "மாடல் பழசு. கம்பெனி நிறுத்திட்டாங்க."

"அப்போ பேங்க் வேலை, பாஸ்வேர்டு எதுவும் இதுல வேண்டாம். படத்தைப் பெருசாக்கிப் பார்க்கணும், அளவைக் குறிச்சு வைக்கணும். அதுக்கு இது தாராளம்."

அங்கேயே கைதட்டத் தோன்றியது எனக்கு. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று அந்தப் பழைய டேப்லெட்டை மூன்றே கேள்வியில் எடை போட்டுவிட்டாள். வாங்கப்போகிறாள் என்பதும் உறுதியாகிவிட்டது. பகலில் அவள் படம் பார்க்கட்டும். சாயங்காலம் டேப்லெட் சோபாவுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

"கனமா இருக்கா பாருங்க" என்று அதை என் கையில் கொடுத்து, அங்கிருந்த நாற்காலியைக் காட்டினாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கழுத்து டிசைன் பார்ப்பவனைப்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஆமா, உங்க முதலாளி லீவு தரேன்னாரே, என்ன ஆச்சு?"

"அந்த ஆள் பேச்சை எடுக்காதே. நானா கேட்டேன், அவரா தரேன்னார். இப்போ கேட்டா, யார் சொன்னதுங்கிறார். கண்ணாடி துடைக்கிற துணியை நான் வீட்டுக்குக் கொண்டுபோறேனாம். நான் எதுக்கு அதைக் கொண்டுபோறேன்? வீட்ல துணிக்குப் பஞ்சமா? ஒரு நாள் என்ன நடந்தது தெரியுமா..."

சொல்லச் சொல்ல வேகம் வந்தது. முதுகு சரிந்தது. கால்கள் எதிரே இருந்த ஸ்டூலில் ஏறின. டேப்லெட் வயிற்றின் மேல் வந்து அமர்ந்தது. முதலாளியின் அடுத்த அயோக்கியத்தனத்தைச் சொல்லி முடிப்பதற்குள், கடையில் ஏற்றி வைத்திருந்த செஸ் ஆட்டத்தை என் கட்டைவிரல் திறந்து, குதிரையை வெளியே கொண்டுவந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செஸ்ஸா?"

"தானா திறந்துக்கிச்சும்மா. பழசு இல்லையா."

"இருக்கும்."

அவள் கழுத்தில் எப்போதும் நாடா கிடக்கும். அதை உருவி, சாய்ந்த வாக்கிலேயே என் வயிற்றை அளந்தாள். சுற்றளவு எடுத்தாள். உயரம் எடுத்தாள். டேப்லெட் சாய்ந்திருந்த சரிவைக்கூட எடுத்தாள். திருப்புளி மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது எதுக்கும்மா?"

"இருக்கட்டும். இப்போ எடுத்தாத்தான் சரியா வரும்."

புது பேட்டரியோடு டேப்லெட் வீடு வந்து சேர்ந்தது. அவள் திட்டவில்லை. செஸ் பேச்சையே எடுக்கவில்லை. தடித்த பழுப்புத் துணியை எடுத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். வெட்டினாள், தைத்தாள், உள்ளே வெட்டுத் துணிகளை அடைத்தாள். உருண்டையாக ஒரு திண்டு உருவானது. அடியில் டேப்லெட் வழுக்காமல் நிற்க ஒரு மடிப்பும் வைத்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொன்ன புருஷனுக்கும் அளவெடுத்துச் சொகுசு செய்து தருகிறாளே. இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள்?

"நான் உன்கிட்ட நேராவே கேட்டிருக்கலாம்மா."

"கேட்டிருந்தா உங்களுக்கே வாங்கியிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே நூலை அறுத்தாள்.

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. திண்டை வாங்கக் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அதைத் தன் கட்டிங் மேஜையில் வைத்து, டேப்லெட்டை அதன் மேல் சாய்த்தாள்.

"கடையில உங்க வயித்து மேல இருந்தப்போ பார்த்தேங்க. ஆடல, வழுக்கல. சாய்வும் கண்ணுக்கு எடுப்பா இருந்துச்சு. மேஜைக்கு இந்த மாதிரி ஒண்ணைத்தான் ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன்."

"அப்போ நான்?"

"நீங்க எதுக்கு சிரமப்படறீங்க? அதான் அளவு எடுத்தாச்சே."

இப்போது வருகிறவர்கள் எல்லாரும் திண்டைத் தட்டிப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். நான் மூலையில் உட்கார்ந்து, போனில், ராணியைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆசைப்பட்டபடியே டேப்லெட் நாள் முழுவதும் என் தொப்பையின் மேல்தான் இருக்கிறது. நான்தான் கூட இல்லை.